சறுக்கு வாத்தியாரின் சத்தம்

குல்மார்க், காஷ்மீர்
12 டிசம்பர் 1943

சேசு மரி சூசை துணை.

சூசையம்மாளுக்குக் கஸ்பார் எழுதிக்கொண்டது.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நல்லபடியாக என்பது ஒரு பேச்சுக்குத்தான். ராவல்பிண்டி வரை ரயில், அப்புறம் லாரி, கடைசியில் மட்டக்குதிரை. இறங்கியபோது இடுப்பு என்னுடையதா குதிரையுடையதா என்று தெரியவில்லை. கோடைக்கானல் குளிரைக் குளிர் என்று சொல்லிக்கொண்டு திரிந்தோமே, இந்த ஊருக்கு முன்னால் அது வெயில் காலம். காலையில் வாளித் தண்ணீரைச் சுத்தியலால் உடைத்துத்தான் முகம் கழுவுகிறோம்.

இங்கே உள்ள சோலியைச் சொல்கிறேன். பர்மாச் சண்டையில் விமானம் ஓட்டிக் களைத்த வெள்ளைக்காரப் பையன்களை இந்த மலைக்கு அனுப்புகிறார்கள். உடம்பு தேறுவதற்காக அவர்களைக் காலில் பலகை கட்டிப் பனியில் சறுக்கப் பழக்குகிறார்கள். கேப்டன் துரைதான் முகாமுக்குத் தலைவர். நான் அவருக்குப் பட்லராகத்தான் வந்தேன். ஆனால் சறுக்கச் சொல்லிக்கொடுக்க ஆள் போதவில்லை. நான் வேலை பார்த்த ஸ்வீடன் ஐயா பங்களாவுக்குப் பின்னால் புல்மேட்டில், மெழுகுவர்த்தி தேய்த்த பலகையில் நானும் ஐயாவும் சறுக்கிக்கொண்டு இறங்குவோமே, நீ சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாயே, அதைத்தானே கேப்டன் துரை மே மாதம் லீவில் வந்தபோது பார்த்தார். 'புதுசாக வருகிறவர்களுக்கு நீயே வாத்தியாராக இரு' என்கிறார். சரியாக வந்தால் தனிச் சம்பளம், தனி அறை. அப்புறம் நீயும் இங்கே வந்துவிடலாம்.

சரியாக வருமா என்பதுதான் தெரியவில்லை. புல்லில் பின்னால் சாய்ந்து பழகியவன் நான். பனியில் பின்னால் சாய்ந்தால் பலகை தன் பாட்டுக்கு ஓடிவிடுகிறது, நாம் உட்கார்ந்துவிடுகிறோம். முதல் நாள் முழுக்க உட்கார்ந்தே இறங்கினேன். குதிரைக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

அன்றைக்குப் பஸ் ஏறும்போது கோபத்தில் ஏதோ வாய் தவறிவிட்டது. அதை மனசில் வைத்துக்கொள்ளாதே. வெரசாகப் பதில் போடு.

கஸ்பார்

*

கோடைக்கானல்
4 ஜனவரி 1944

அன்புள்ள என்று போட மனசு வரவில்லை. புருஷன் பெயரை எழுதக் கை வராது. ஆகவே ஒன்றும் போடாமல் ஆரம்பிக்கிறேன்.

ஏதோ வாய் தவறிவிட்டது என்கிறீர்கள். ஏதோ இல்லை. என்ன என்று நானே எழுதுகிறேன். ஜலாலுதீன் ராவுத்தர் கடை வாசலில், பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, பஜாரே திரும்பிப் பார்க்கும்படி நீங்கள் போட்ட சத்தம் இது: "பிள்ளை இல்லாத வீட்டுல எனக்கு என்ன சோலி கெடக்கு?" ராவுத்தர் கேட்டார். பேரிக்காய்க் கூடைக்காரிகள் கேட்டார்கள். டிரைவர் கேட்டுவிட்டு, பாவம், ஹாரன் அடிக்காமல் வண்டியை எடுத்தான்.

ஊர் முன்னால் சொன்னதற்குச் சமாதானத்தைக் காகிதத்தில் எழுதி உறையில் போட்டு ஒட்டி அனுப்பினால், அது எனக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் சொன்னது எல்லாருக்கும் தெரியுமே. எங்கே நின்று சொன்னீர்களோ அங்கே வந்து நின்று இல்லை என்று சொல்லுங்கள். அதுவரை 'நீயும் வந்துவிடலாம்' என்று எழுத வேண்டாம்.

உங்கள் சோலியைப் பற்றிப் பக்கத்து வீட்டு வேலுத்தாயிடம் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏக்கா, பலகையில ஏறிச் சறுக்கி வுழுறதுக்கு எவனாச்சும் சம்பளம் குடுப்பானா? நல்லா வெசாரிச்சியா? மனுசன் செயிலு கியிலுன்னு எங்கயும் மாட்டிக்கிட்டாரோ என்னமோ" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் உள்ளே போய் அழுதேன். இரண்டையும் எழுதிவிடுகிறேன், ஒன்றை மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும்.

பள்ளிக்கூடம் இன்னும் திறக்கவில்லை. தையல் அறையில் நானும் மெஷினும்தான். பாசி பிடிக்கிற மழை.

சூசை

*

குல்மார்க்
30 ஜனவரி 1944

சூசைக்கு,

நீ எழுதியதெல்லாம் நியாயம்தான். இப்போது கிளம்பினால் இந்தச் சோலி போய்விடும். அதுவே இன்றைக்கோ நாளைக்கோ என்று ஆடிக்கொண்டிருக்கிறது.

எனக்குச் சறுக்க வந்துவிட்டது. முன்னால் சாய வேண்டும், முழங்காலை மடக்க வேண்டும், விழுந்தால் பக்கவாட்டில் விழ வேண்டும். இவ்வளவுதான் வித்தை. சொல்லிக்கொடுக்கத்தான் வரவில்லை. பத்துப் பேரை மேட்டில் நிறுத்தி, நான் கீழே நின்று, மேலே கேட்கிற மாதிரி உத்தரவு போட வேண்டும். காற்று வேறு ஊளையிடும். நான், "ப்ளீஸ் சார், முழங்கால் சார்" என்பேன். அது என் மூக்கு வரைக்கும்கூடப் போகாது.

சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் நிற்கிறவனுக்கு இருமல் வந்தால் வெளியே போய் இருமிவிட்டுத்தான் வர வேண்டும். அப்படிப் பழக்கப்பட்டவன் நான். துரைமாரைப் பார்த்து எப்படிக் கத்துவேன்? போன வாரம் செம்பட்டை முடிக்காரப் பையன் ஒருவன் நேராக விறகுக் குவியலைப் பார்த்துப் போகிறான். நான், "தயவுசெய்து நில்லுங்கள் சார்" என்று கையைக் கட்டிக்கொண்டு சொல்கிறேன். அவன் போய் மோதிவிட்டான். மணிக்கட்டு முறிந்துவிட்டது. கேப்டன் துரை ஓடிவந்து, "உனக்கு வாய் இல்லையா?" என்று என்னைப் பார்த்துத்தான் கத்தினார். பாஸ்குத் திருநாள் வரைக்கும் பார்ப்பாராம். அப்புறமும் சத்தம் வராவிட்டால் சமையலறைக்குப் போ என்கிறார். பட்லர் இடத்துக்கும் வேறு ஆள் வந்தாகிவிட்டது. அங்கே போனால் சட்டி கழுவ வேண்டியதுதான்.

யாரும் இல்லாத மேட்டில் போய்க் கத்திப் பழகினேன். கோழி கேருகிற மாதிரி வருகிறது. என்ன செய்வது என்று உன்னைத்தான் கேட்கிறேன், கேட்பதற்கு இங்கே எனக்கு வேறு ஆள் இல்லை. தமிழ் பேசுகிற ஒரு நாதி கிடையாது.

கஸ்பார்

*

கோடைக்கானல்
22 பிப்ரவரி 1944

என்னைக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். ஆச்சரியம்தான். போகும்போது கேட்கவில்லை.

எனக்குத் தெரிந்து உங்களுக்கு நல்ல சத்தம் இருக்கிறது. நவம்பர் மாதம் பஜாரில் கேட்டேன். கோழி கேருகிற மாதிரி ஒன்றும் இல்லை. துரைமார் முன்னால் இருமுவதற்குக்கூட வெளியே போகிற மனுஷர், கட்டின பெண்டாட்டியைச் சந்தி சிரிக்க வைப்பதற்கு எங்கேயும் போகவில்லை. நின்ற இடத்திலேயே வந்தது.

ஆகையால் வழி சொல்கிறேன். அந்தப் பத்துப் பேரையும் நான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தன்னால் சத்தம் வரும். சோலி நிலைக்கும்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கோபம்தான், ஆனால் உங்களுக்குச் சோலி போய்விடக் கூடாது என்றும் இருக்கிறது. பங்களாவைப் பூட்டிவிட்டு ஸ்வீடன் ஐயா ஊருக்குப் போனபிறகு நீங்கள் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தது எனக்கு மறக்கவில்லை. அப்படி உங்களை மறுபடி பார்க்க என்னால் ஆகாது.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. புதிதாக வந்த வெள்ளைக்காரக் குழந்தைகள் ஒரு வாரம் அழும். ஒன்று வந்து தையல் மெஷினுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டது. எழுந்து போ என்று நான் சொல்லவில்லை. அதுபாட்டுக்கு அழுதது, நான்பாட்டுக்குப் பொத்தானுக்குக் காஜா எடுத்தேன்.

இப்போதெல்லாம் வீட்டில் நின்றுகொண்டே சாப்பிட்டுவிடுகிறேன். ஒருத்திக்கு எதற்கு இலை விரிக்க வேண்டும்?

சூசை

*

குல்மார்க்
20 மார்ச் 1944

சூசை,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்க உன்மேல் ஆத்திரம். மறுநாள் முழுக்க என்மேல் ஆத்திரம். மூன்றாம் நாள் வெள்ளனே பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போனேன். புதுப்பனி விழுந்து கிடந்தது. மூன்று பேர் என் பேச்சைக் கேட்காமல் ஓடைப் பக்கமாகச் சறுக்கப் போகிறார்கள். அந்தப் பக்கம் மேலே இருக்கிற பனி எந்த நேரமும் சரியும். என்ன நடந்தது என்று தெரியாது, வாய் திறந்துகொண்டது. "ஏலே! நில்லுங்கலே அங்கன! முழங்கால மடக்குலே! மடக்கு!"

பத்துப் பேரும் நின்றுவிட்டார்கள். குதிரைகூட நின்றது.

துரையை ஏலே என்று சொல்லிவிட்டேன்! வேலையும் போச்சு, உயிரும் போச்சு என்று நினைத்தேன். அவர்களில் பெரியவன் மெதுவாக வந்து, "என்ன சொன்னாய்?" என்று கேட்டான். "கவனமாக இருங்கள் ஐயா என்று எங்கள் ஊரில் மரியாதையாகச் சொல்வது" என்றேன். அன்று சாயங்காலம் வரை அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் 'ஏலே, ஏலே' என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தேன்.

இப்போது முகாம் முழுக்க 'மடக்கு'தான். ஒருவன் விழப்போனால் நாலு பேர் மடக்கு என்று கத்துகிறார்கள். இங்கிலீஷில் வராத சத்தம் எனக்குத் தமிழில் வருகிறது. கேப்டன் துரை என் சட்டையில் வாத்தியார் என்பதற்கு ஒரு வில்லை குத்திவிட்டார். தனி அறை கொடுத்தாகிவிட்டது. அதில் இரும்பு அடுப்பு உண்டு.

உன்னால் கிடைத்த சோலி இது. சும்மா சொல்லவில்லை.

ஆனால் ஒன்று. பகல் முழுக்கத் தமிழில்தான் கத்துகிறேன், ஒருவனுக்கும் அர்த்தம் தெரியாது. சாயங்காலம் அறைக்கு வந்தால் பேச வாய் இருக்கிறது, கேட்க ஆள் இல்லை. நேற்று அடுப்பிடம், "என்ன, நல்லாப் பிடிச்சுக்கிட்டியா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டுப் பயந்துபோனேன். நீ வந்துவிடு, சூசை. இந்த அறையில் இரண்டு பேர் தாராளமாக இருக்கலாம்.

கஸ்பார்

*

கோடைக்கானல்
10 மே 1944

கடிதத்தை ராவுத்தர் கடையில் வைத்துத்தான் படித்தேன். 'ஏலே' வந்த இடத்தில் என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. என்ன என்று கேட்டார், சொன்னேன். "அட, நம்ம கஸ்பாரு வெள்ளைக்காரனையே ஏலேன்னுட்டாப்லயா! இந்தாம்மா, சீனி வந்திருக்கு, ரேஷன் கார்டெல்லாம் வேணாம், கொஞ்சம் எடுத்துட்டுப் போ. வாத்தியார் வீட்டம்மால்ல" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பஜார் முழுக்க நிமிர்ந்து நடந்தேன்.

அந்தப் பெருமை வீட்டு வாசல் வரைதான் வந்தது. வேலுத்தாய் மகளுக்கு அன்றைக்கு வளைகாப்பு. அந்தப் பிள்ளைக்குப் பாவாடை தைத்துப் போட்டு வளர்த்ததே நான்தான். நாம் வேதக்காரர்களாக இருந்தாலும் அந்தத் தெருவில் ஒரு விசேஷத்துக்கும் என்னைக் கூப்பிடாமல் இருந்ததில்லை. இதற்கு மட்டும் கூப்பிடவில்லை. "தப்பா நெனச்சுக்கிராதக்கா, சம்பந்தி வீட்டு ஆளுக ஒரு மாதிரி" என்று தட்டில் கொஞ்சம் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

எனக்குப் பிள்ளை இல்லை என்று அவர்களுக்கு முன்பே தெரியாதா? தெரியும். ஆனால் ஒருத்தரும் வாயால் சொன்னதில்லை. சொல்லாதவரை கூப்பிட்டார்கள். இப்போது புருஷனே பஜாரில் நின்று சொல்லிவிட்டான், இனி நாம் எதற்கு மூடி மறைக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. உங்கள் ஒரு வார்த்தை செய்த வேலை இது. நீங்கள் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டீர்கள். நான் அந்த வார்த்தையோடுதான் தினமும் தண்ணீர் எடுக்கப் போகிறேன்.

இந்த நிலைமையில் நான் அங்கே வந்தால், துரத்திவிட்டவனைத் தேடி ஓடினாள் என்பார்கள். வர மாட்டேன். நீங்கள் வந்து அந்த இடத்தில் நின்று சொல்லுங்கள்.

சூசை

*

குல்மார்க்
2 டிசம்பர் 1944

சூசை,

கோடையில் வந்துவிடலாம் என்று இருந்தேன். பனி உருகியதும் அவர்களைப் பாறை ஏறப் பழக்க வேண்டும் என்று சொல்லி லீவு கிடையாது என்றுவிட்டார்கள். இந்தப் பனிக்காலம் முடிந்து, பாஸ்குவுக்கு அப்புறம் கட்டாயம் வருவேன். கேப்டன் துரையிடம் இப்போதே வாக்கு வாங்கிவிட்டேன்.

மணிக்கட்டு முறிந்த செம்பட்டைப் பையன் நினைவிருக்கிறதா? குணமாகி என்னிடமே நன்றாகச் சறுக்கப் பழகிவிட்டுப் போனான். பர்மாவில் விமானத்தோடு விழுந்துவிட்டான் என்று சேதி வந்தது. போகும்போது, "அடுத்த பனிக்கு வருகிறேன், ஏலே" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனவன். அன்றைக்கு வகுப்பை வைக்காமல் மேட்டில் தனியாக இருந்தேன்.

பூசைக்குப் போக ஸ்ரீநகர்தான் போக வேண்டும். பாதை மூடிவிட்டது. இந்தக் கிறிஸ்மஸுக்கும் நான் மட்டும்தான். நீ பங்குக் கோயிலில் எனக்காகவும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்று.

கஸ்பார்

*

கோடைக்கானல்
17 ஜூன் 1945

போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நீங்கள் வந்துவிட்டுப் போனதைப் பற்றி எழுத வேண்டும் என்று பல தடவை உட்கார்ந்தேன். இன்றைக்கு மழை, பள்ளிக்கூடமும் இல்லை. எழுதிவிடுகிறேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி, பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் நீங்கள் கத்தினீர்கள். "எல்லாரும் கேட்டுக்கங்க! அன்னிக்கு இந்த எடத்துல நின்னு என் பொஞ்சாதியப் பத்தி நான் சொன்னது தப்பு! அவ இருக்க எடந்தான் எனக்கு வீடு! அவளுக்கு ஒரு கொறையும் கெடையாது!" அம்மாடி, என்ன சத்தம்! ஏரிக்கு அக்கரையில் படகுக்காரனுக்குக் கேட்டதாம். கூடைக்காரிகள் கூடையை இறக்கிவிட்டார்கள். ராவுத்தர் கடையை விட்டு இறங்கி வந்து உங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அது பலித்தும்விட்டது. வேலுத்தாய் பேரன் காதுகுத்துக்கு என்னைத்தான் முதலில் கூப்பிட்டாள். பிள்ளையை என் மடியில்தான் உட்கார வைத்தாள். அந்த மட்டும் உங்களுக்கு நன்றி சொல்கிறேன்.

அப்புறம் பத்து நாள் வீட்டில் இருந்தீர்கள். வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் பனியைப் பற்றிச் சொன்னீர்கள். திண்டுக்கல்லில் இருந்து வந்த வளையல் வியாபாரிக்குக்கூட அறையில் குறுக்கே நின்று சறுக்கிக் காட்டினீர்கள். எல்லாரும் போய், கதவைச் சாத்தி, நாம் இருவர் மட்டும் இருந்தபோது என்னிடம் என்ன சொன்னீர்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். "ரசத்துல உப்பு கம்மி." "கம்பளிய எங்க வச்ச?" "வெள்ளனே எழுப்பு." இவ்வளவுதான் நினைவுக்கு வருகிறது. நான் இன்றைக்குச் சொல்வீர்கள், நாளைக்குச் சொல்வீர்கள் என்று தட்டைக் கழுவிக்கொண்டே காத்திருந்தேன். பஸ்ஸும் வந்துவிட்டது.

ஊருக்குச் சொன்னீர்கள். எனக்கு இன்னும் சொல்லவில்லை.

நான் கேட்டதைத்தான் நீங்கள் செய்தீர்கள், உங்கள்மேல் குற்றம் இல்லை. நான்தான் பாதியைக் கேட்டுவிட்டு முழுசையும் கேட்டதாக நினைத்திருக்கிறேன். நீங்கள் வருவதற்கு முன்னால் தனியாக இருந்தேன். வந்து போனபின் இன்னும் தனியாக இருக்கிறேன். எதற்காக அப்படி என்று எனக்கு விளங்கவில்லை, உங்களுக்கு விளங்கினால் எழுதுங்கள்.

சூசை

*

குல்மார்க்
18 நவம்பர் 1945

சூசை,

உன் கடிதம் வந்து நாலு மாதத்துக்கு மேல் ஆகிறது. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். என் வாய் இப்போது மேட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் திறக்கிறது. பக்கத்தில் இருக்கிற ஆளிடம் பேச மறந்துபோயிருக்கிறேன். காகிதத்தில் மெதுவாகச் சொல்லப் பார்க்கிறேன்.

சண்டை முடிந்துவிட்டதால் முகாமை மூடுகிறார்கள். கேப்டன் துரை கப்பல் ஏறப் போகிறார். இங்கே ஹோட்டல் வைத்திருப்பவர், பனிக்காலத்தில் வந்து தங்கும் குடும்பங்களுக்குச் சறுக்கச் சொல்லிக்கொடுக்க என்னை இருக்கச் சொல்கிறார். சின்ன வீடு ஒன்று தருகிறார். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. அங்கே வந்துவிட்டால் இந்தத் தொழிலை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? நம் ஊர்ப் பனி புல் நுனியில் உட்கார்ந்து எட்டு மணிக்கெல்லாம் போய்விடும். ஆனால் இதைச் சொல்வதற்காக நான் எழுத உட்காரவில்லை.

வாய் தவறிவிட்டது என்று முதல் கடிதத்தில் எழுதினேன். அது பொய். பங்களா மூடிய பிறகு நீ தைத்துக் கொண்டுவந்த சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். நீ ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை, எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. கிளம்புகிறேன் என்று உன்னிடம் சொன்னபோது நீ போகாதே என்பாய் என்று நினைத்தேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. பஸ்ஸுக்கு வந்து நின்று நீ கேட்டது ஒன்றே ஒன்று. "டிக்கெட்டு ஒண்ணுதான் எடுத்தீங்களா?" போகிறவனிடம் வந்து கணக்குக் கேட்கிறாள், தொலைந்தால் சரி என்று இருக்கிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உனக்கு எங்கே வலிக்கும் என்று எனக்குத் தெரியும். அங்கே பார்த்துத்தான் அடித்தேன். நீ அழ வேண்டும் என்று சொன்னேன். நீ அழாமல் நின்றாய். அதை இத்தனை நாள் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பிள்ளை வேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது. இல்லை என்று எழுதினால் நீயே நம்ப மாட்டாய். ஆனால் இங்கே உட்கார்ந்து நான் ஏங்கியது பிள்ளைக்காக இல்லை. தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எதிரே நீ இல்லை. அதுதான் தாங்கவில்லை. நீ ரசத்தில் உப்புப் போடவே இல்லையென்றாலும் எனக்குச் சரிதான்.

என்னை மன்னித்துவிடு. நீ மட்டும் கேட்கும்படி சொல்கிறேன்.

வா என்று நீ எழுதினால், வாத்தியார் வில்லையைக் கழற்றி வைத்துவிட்டு வருகிறேன். அங்கே எந்தப் பங்களாவிலாவது சட்டி கழுவினாலும் எனக்குச் சம்மதம். நீ இங்கே வருவதாக இருந்தால் ஹோட்டல்காரரிடம் சரி என்று சொல்கிறேன். இரண்டும் இல்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுது. பனி விழ ஆரம்பித்துவிட்டது.

கஸ்பார்

*

கோடைக்கானல்
9 டிசம்பர் 1945

இந்தக் கடிதத்தை நான் ஒருத்தரிடமும் காட்டவில்லை. "என்னம்மா எழுதியிருக்காப்ல?" என்று ராவுத்தர் கேட்டார். "சொகம்னு எழுதியிருக்காக" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து நாலைந்து தடவை படித்தேன். அழுதேன். இந்தத் தடவை சிரிப்பு ஒன்றும் வரவில்லை.

நீங்கள் மறைக்காமல் எழுதினீர்கள். நானும் ஒன்றை எழுத வேண்டும். இத்தனை நாள் வெட்கமாக இருந்தது.

அன்று பஸ்ஸுக்கு வந்தபோது என் கையில் ஒரு துணிப்பை இருந்தது. நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்திருந்தாலும் பள்ளிக்கூடத்துத் தையல் என்று நினைத்திருப்பீர்கள். உள்ளே இரண்டு சேலை, ஒரு கம்பளிச் சட்டை, என் ஜெபமாலை. இரண்டு நாள் நான் பேசாமல் இருந்தது கோபத்தில் இல்லை. நீயும் வா என்று நீங்கள் கேட்பீர்கள், கேட்டால் உடனே கிளம்ப வேண்டும் என்று, உங்களுக்குத் தெரியாமல் துவைத்துக் கணப்பில் காய வைத்து மடித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்திலும் சொல்லிவிட்டு வந்திருந்தேன். கடைசி நிமிஷம் வரை நீங்கள் கேட்கவில்லை. அதனால்தான் மானத்தை விட்டு நானாகக் கேட்டேன், டிக்கெட்டு ஒன்றுதானா என்று. அதற்கு வந்த பதிலை வாங்கிக்கொண்டு, அந்தப் பையோடு வீட்டுக்கு நடந்தேன். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய், போகவில்லை என்று சொல்லி மறுபடி மெஷினில் உட்கார்ந்தேன்.

நீங்கள் இங்கே வந்து சட்டி கழுவ வேண்டாம். ஹோட்டல்காரரிடம் சரி என்று சொல்லுங்கள்.

பள்ளிக்கூடத்து நர்ஸ் துரைசானி ஜனவரி இரண்டாம் வாரம் டில்லிக்குப் போகிறாள். என்னைக் கூட்டிப்போகிறேன் என்கிறாள். தேதி தெரிந்ததும் தந்தி கொடுக்கிறேன். டில்லியில் இருந்து தனியாகத்தான் வருவேன். எனக்கு அந்தப் பக்கத்துப் பாஷை ஒரு சொல் தெரியாது. இந்த மலையை விட்டு மதுரைக்கு அப்பால் நான் போனதும் இல்லை. பயமாகத்தான் இருக்கிறது.

முன்கூட்டியே வந்து ராவல்பிண்டி ஸ்டேஷனில் நில்லுங்கள். பனி விழுந்தது, லாரி வரவில்லை என்று சாக்குச் சொல்லக் கூடாது. அந்த ஊரில் எனக்கு உங்களைத் தவிர வேறு யாரையும் தெரியாது.

சூசை